கால் கிழக்கே

செகந்திராபாத்தில் லோத்குண்டாவைத் தாண்டிப் போனால் ராணுவ நிலத்தின் சுவர் வரும். அந்தச் சுவரை ஒட்டி ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். அங்கே குழி வெட்டுவது என் வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் பெரியவர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத் பட்டாளத்துக்கு மூட்டை தூக்க வந்தவர்கள். வீட்டில் இருப்பது அம்மன் படம். நான் படித்தது ஐந்தாவது.

குழி வெட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேல் மண் சிவப்பு. இரண்டடிக்குக் கீழே கெட்டி மண், அதற்குக் கடப்பாரை வேண்டும். மழைக்காலத்தில் பக்கம் சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் தப்பு வரக் கூடாது. குழி கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். பெட்டியை இறக்கும்போது தலை மேற்கே, கால் கிழக்கே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதிருந்த போதகர் காரணம் சொன்னார். உலகத்துக்குக் கடைசி நாள் ஒன்று உண்டு. அன்று எக்காளம் ஊதும். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். செத்தவர்கள் எல்லாரும் எழும்புவார்கள். அவர் நியாயம் தீர்ப்பார். எழுந்து நிற்கிறவன் முகம் அவரைப் பார்த்து இருக்க வேண்டும். அதற்குத்தான் கால் கிழக்கே. போதகர்களை மட்டும் மாற்றி வைப்போம். அவர்கள் எழும்பும்போது தங்கள் சபை ஜனங்களைப் பார்த்து எழும்ப வேண்டுமாம். தோட்டத்தில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள்.

நான் தலையாட்டினேன். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு எப்படியோ, நமக்கு இது அப்படி என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்தால் இந்த வேலை ஓடாது.

போன மழைக்காலத்தில் வளைகுடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது.

நம் ஊர்ச் சவப்பெட்டி தோள் பக்கம் அகலமாக இருக்கும், கால் பக்கம் குறுகிக்கொண்டு போகும். கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துத் தலை எது என்று சொல்லிவிடுவான். விமானத்தில் வருகிற பெட்டி அப்படி இல்லை. நேர் பெட்டி. இரண்டு முனையும் ஒன்று. உள்ளே தகரம் வைத்து அடைத்திருப்பார்கள். திறக்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு மரச்சட்டம் அடித்து, தலை எந்தப் பக்கம் என்று அதில் அம்பு போட்டிருப்பார்கள். அந்தச் சட்டத்தைக் கோயிலிலேயே கழற்றிப் போட்டுவிட்டார்கள். தோட்டத்து வாசலுக்கு வண்டி வந்தபோது வெறும் பெட்டிதான் இருந்தது. மேலே ஒரு முனையில் பூ வளையம். பூ வளையம் தலைப் பக்கம்தான் வைப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே "அந்தப் பக்கம் மேற்கே வரட்டும்" என்று தூக்கியவர்களுக்குக் கை காட்டினேன்.

இரண்டு கயிறு. ஒன்று தலைக்கு, ஒன்று காலுக்கு. ஒவ்வொரு கயிற்றுக்கும் இரண்டு பேர். எனக்கு வலது தோள் முன்போல் இல்லை. அதனால் இப்போதெல்லாம் கால் பக்கம்தான் பிடிப்பேன். கால் பக்கம் லேசு. மனுஷன் பாரமெல்லாம் தோளிலும் நெஞ்சிலும்தான்.

பெட்டி குழிக்கு மேலே வந்து கயிற்றில் நின்றது. என் கை எரிந்தது. கயிறு வழுக்கிக்கொண்டு உள்ளங்கையை உரித்தது. எதிரே தலைப் பக்கம் பிடித்திருந்தவன் என்னோடு பல வருஷமாக வேலை செய்கிறவன், தெலுங்குக்காரன். அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே தெரிந்துவிட்டது. தலை என் பக்கம் இருக்கிறது. பூ வளையத்தை யாரோ இடம் பார்க்காமல் வைத்திருக்கிறார்கள்.

போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் சொல்லவில்லை. பெட்டி கீழே போய் உட்கார்ந்தது. கயிற்றை உருவினோம். மண் போட்டார்கள்.

செத்தவர் அங்கே கிரேன் ஓட்டினவர். நெஞ்சு வலியில் போனார். அவருடைய சம்சாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ஐம்பது வயதிருக்கும். தமிழ் ஆராதனைக்கு வருகிற அம்மா. எல்லாரும் வாசலுக்கு நடக்கும்போது அந்த அம்மா மட்டும் திரும்பி என்னிடம் வந்தார்.

"அண்ணா, கிழக்கப் பாத்துதானே படுத்திருக்காரு?"

"ஆமாம்மா."

"எழும்பினா ஆண்டவர் முகம் தெரியும்ல?"

"தெரியும்மா."

இரண்டு பொய். கேட்டவுடனே வந்தது.

"காலம் பூரா கோயிலுக்கு முதுகக் காட்டினவரு" என்றார் அந்த அம்மா. "அன்னிக்காவது முகத்தப் பாக்கட்டும்."

பக்கத்தில் செத்தவரின் அண்ணன் நின்றிருந்தார். சபையில் மூப்பர். வெள்ளைச் சட்டை, கையில் வேதப் புத்தகம்.

"முகத்தப் பாத்து என்னம்மா பண்ணப் போறான்? குடிகாரன். ஜீவ புஸ்தகத்துல பேர் இருந்தாத்தானே? நரகத்துக்குப் போறவன் எந்தப் பக்கம் பாத்து எழும்பினா என்ன?"

"அது நீங்க எழுதுற புஸ்தகம் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

வீட்டுக்குப் போனேன். உள்ளங்கையில் தோல் போயிருந்தது. என் சம்சாரம் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன்.

"இன்னாத்துக்கு அத்தப் போய் சொல்லணும்? வாய மூடிக்கினு இரு. வேல பூடும். தெச மாறிப் படுத்தா நமக்கு இன்னா?"

"நமக்கு ஒண்ணும் இல்ல."

"அப்றம்?"

என் மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். நாங்கள் தமிழில் பேசினால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்லுவாள். "செப்பேயி அப்பா" என்றாள். சொல்லிவிடு என்று அர்த்தம். மறுபடி செல்போனைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் போதகர் தோட்டத்துக்கு வந்தார். இப்போதிருப்பவர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகப் பேசுவார். ஸ்கூட்டரை நிறுத்தினதும் பக்கத்தில் போனேன்.

"ஐயா, தெச மாறிப் படுத்தவங்க அன்னிக்கு என்ன ஆவாங்க?"

அவர் சிரித்தார். "ஆண்டவருக்குத் திசை ஏதுங்க? அது நாம வச்சுக்கிட்ட வழக்கம். கடல்ல செத்தவங்க இருக்காங்க. அவங்களுக்கு எது கிழக்கு? கடலே அவங்களத் திருப்பிக் கொடுத்துடும்."

"எரிச்சவங்க?"

"அவங்களும் வருவாங்க."

"எங்க ஆளுங்களுமா?"

"எல்லாரும். நீங்களும்தான், நானும்தான்."

"எத்தன தடவ?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. எங்களுக்குத் திரும்பத் திரும்பப் பிறப்பு உண்டு, இந்தத் தடவை கெட்டால் அடுத்த தடவை பார்க்கலாம் என்று விளக்கினேன்.

"ஒரே தடவைதாங்க" என்றார். "ஒரு வாழ்க்கை. ஒரு நாள். அப்புறம் மாத்த முடியாது. ஒரு பக்கம் அவரோட இருக்கிறது. இன்னொரு பக்கம் அவர் இல்லாத இடம். அக்கினிக் கடல்னு சொல்லியிருக்கு. அணையாது."

"அங்க யாரு போவாங்க?"

அவர் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியாதுங்க. தெரியும்னு சொல்றவங்க கிட்ட எனக்குப் பயம்."

நான் தோட்டத்தைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற இடம்தான். கல், சிலுவை, புல். அன்று வேறு மாதிரி இருந்தது. இங்கே கிடக்கிற அத்தனையும் நான் மூடினது, எனக்கு முன்னால் இருந்தவன் மூடினது. அத்தனையும் திறக்கும் என்று இவர்கள் சொல்கிறார்கள். கதையாகச் சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் வரும் என்பது மாதிரிச் சொல்கிறார்கள். சுவரோரம் சின்னக் குழிகள் ஒரு வரிசை உண்டு. இரண்டடி, மூன்றடி. பிறந்தவுடன் போனதுகள். அதுகளும் எழுந்து நிற்கும். என் கையால்தான் வைத்தேன். என்னைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று நினைத்தேன். உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷத்தில் பிணத்தைப் பார்த்துச் சிலிர்த்ததில்லை.

"ஐயா, நேத்து வச்சவரு மாறிப் படுத்திருக்காரு" என்றேன்.

திசை ஏது என்று சொன்ன மனுஷன் முகம் மாறிவிட்டது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"எப்படித் தெரியும்?"

கட்டுப் போட்ட கையைக் காட்டினேன். கனத்தைச் சொன்னேன். அந்த அம்மா கேட்டதையும், நான் ஆமாம் என்றதையும் சொன்னேன்.

"நாளைக்கு மூணாம் நாள் ஜெபத்துக்கு வருவாங்க. நீங்கதான் சொல்லணும்."

"நீங்க சொல்லுங்க ஐயா."

"என்கிட்டயா கேட்டாங்க?"

மூன்றாம் நாள் அந்த அம்மாவும் மூப்பரும் வந்தார்கள். ஜெபம் முடிந்தது. அந்த அம்மா மேற்கு முனையில், தலை என்று நினைத்த பக்கம், மண்டி போட்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். எழுந்ததும் நான் போய்ச் சொன்னேன். இரண்டு வரிதான். தலை மாறிப் போச்சு. அன்னிக்கே தெரியும்.

அந்த அம்மா அழவில்லை. மண்ணைப் பார்த்தார். கிழக்கு முனைக்கு நடந்து போய் நின்றார். திரும்ப மேற்கு முனைக்கு வந்தார்.

"அப்போ இவ்வளவு நேரம் கால்கிட்டயா பேசிட்டிருந்தேன்?"

"ஆமாம்மா."

"உயிரோட இருக்கிறப்பவும் அப்படித்தான். ஒண்ணும் காதுல விழாது." என் பக்கம் திரும்பி, "தெரியும்னு சொன்னீங்களே அண்ணா" என்றார்.

"பயந்துட்டேம்மா."

"யாருக்கு?"

"வேலைக்கு."

அவர் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூப்பர்தான் பேசினார். "என்னது? ஐயமாருக்கு வைக்கிற மாதிரி வச்சுட்டானா? நல்லாருக்கே! குடிகாரனுக்குப் போதகர் மரியாதை! எழும்பி நமக்குப் பிரசங்கம் பண்ணுவான் போல." அவர் மட்டும்தான் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கமிட்டில சொல்றேன் இரு. உன்ன இன்னிக்கே வெளிய தள்ளணும்."

"திருப்பணும்" என்றார் அந்த அம்மா. மூப்பரைப் பார்க்கவில்லை. போதகரைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, ஆண்டவர் எந்தப் பக்கம் இருந்தாலும்..."

"அவருக்குத் தெரியும் ஐயா. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. எழும்பினதும் எதிர்ல என்ன இருக்கோ அதத்தான் பாப்பாரு. எதிர்ல யாரும் இல்லன்னா அப்படியே நடந்து போயிடுவாரு. அவரு அப்படித்தான். ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்ததில்ல."

போதகர் தலை குனிந்தார்.

புதைத்ததைத் தோண்ட அரசாங்க அனுமதி வேண்டும். கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும், தாசில்தார் ஆபீசில் மனு கொடுக்க வேண்டும், போலீசில் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார் போதகர்.

"அதுக்குள்ள வந்துட்டா?" என்று கேட்டார் அந்த அம்மா.

யார் என்று நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. போதகருக்கு உடனே புரிந்தது. அவர்கள் நம்பிக்கைப்படி அந்த நாள் இன்ன தேதி என்று கிடையாது. எந்த நிமிஷமும் வரலாம்.

அன்றிலிருந்து அந்த அம்மா தினமும் வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால் ஒரு தடவை. வேலை முடிந்து நாலு மணிக்கு பஸ் பிடித்து இன்னொரு தடவை, வாசல் சாத்தும்வரை. இப்போது கிழக்கு முனையில் உட்காருவார், தலை இருக்கிற பக்கம். இரண்டாம் நாள் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"அண்ணா, நான் இல்லாத நேரத்துல ஊதினா, நீங்க சொல்றீங்களா அவருகிட்ட?"

"என்னம்மா சொல்லணும்?"

"பின்னாடி திரும்புன்னு. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. சத்தமா சொன்னாத்தான் கேப்பாரு. தோளப் பிடிச்சுத் திருப்பினாலும் சரி."

அம்மன் கும்பிடுகிறவன் நான். பொய் சொன்னவன். என்னை நம்பி அந்த அம்மா அதைக் கொடுத்தார். வேறு ஆள் இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கொடுத்தார்.

"சொல்றேம்மா" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராணுவ மைதானம். விடிந்ததும் பியூகிள் என்ற கொம்பை ஊதுவார்கள், சாயங்காலம் கொடியை இறக்கும்போதும் ஊதுவார்கள். நான் வேலைக்கு வந்த நாள் முதல் கேட்கிற சத்தம். காதில் விழுந்தும் விழாத சத்தம். மறுநாள் காலை ஒரு புதுக் குழிக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். பியூகிள் ஊதியது. கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது. நான் ஓடினேன். கல்லுக்கு நடுவே வழி பார்க்காமல் ஓடி அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாயில் அந்த மனுஷன் பெயர் வந்துவிட்டது.

தெலுங்குக்காரன் பின்னாலேயே வந்தான். "அரே அன்னா, மிலிட்ரி பியூகிள் அது. தினம் ஊதுறானுங்க."

"ஹவ்" என்றேன். ஆமாம், எனக்கும் தெரியும்.

தெரிந்தும் நான் அங்கேயே நின்றேன். கிழக்கே சுவருக்கு மேலே சூரியன் வந்துகொண்டிருந்தது. முதலில் கடைசி வரிசைச் சிலுவைகளில் வெளிச்சம் பட்டது. அப்புறம் அடுத்த வரிசை. அப்புறம் எல்லாவற்றிலும். அத்தனை பேரும் அந்தப் பக்கம் பார்த்தே படுத்திருக்கிறார்கள். அந்த மூன்று போதகர்களைத் தவிர ஒருத்தர் தப்பாமல். இந்த வரிசைகளில் முக்கால்வாசி நான் போட்டது, ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒரே திசையில் எதையோ எதிர்பார்த்துப் படுத்திருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இவர்களெல்லாம் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு.

எதுவும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. நான் போய் மண்வெட்டியை எடுத்தேன்.

ஒரு சாயங்காலம் அந்த அம்மா இருக்கும்போதே ஊதியது. சட்டென்று எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். இரண்டு பேரும் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் நின்றது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊதுற பையனுக்குத் தெரியுமா அண்ணா, இங்க ரெண்டு பேரு நடுங்குறோம்னு?"

"தெரிஞ்சா ஊத மாட்டான்மா."

அவர் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கேட்கலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"அம்மா, அவரு எங்க போவாருன்னு நினைக்கிறீங்க?"

"தெரியாது. அவரு நல்லவருன்னு நான் சொன்னா அது பொய். குடிச்சாரு. என்னை அடிச்சாரு. அங்க போய்க் குடிய விட்டேன்னு போன்ல சொன்னாரு. விட்டாரோ என்னவோ. கடைசியா பேசினப்போ, எனக்காக ஜெபம் பண்ணுன்னாரு. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல. அது ஒண்ணுதான் என் கையில இருக்கு."

"நெருப்புன்னு சொல்றாங்களே."

"எனக்குப் பயம் நெருப்புக்கு இல்ல அண்ணா. அவரு தனியா நிப்பாரு. பக்கத்துல நான் நிக்க முடியாது. ஒவ்வொருத்தரும் தனித்தனியாத்தான் நிக்கணும். உன் பொண்டாட்டிய அடிச்சியான்னு கேப்பாங்க. இவரு இல்லன்னு சொல்லுவாரு. என் முன்னாடியே அப்படித்தான் சொல்லுவாரு. அங்க போய் அந்த வேலையக் காட்டினா..." அவர் முடிக்கவில்லை. "முகத்தப் பாத்துட்டா பொய் வராதுன்னு நினைக்கிறேன். அதுக்குத்தான் திருப்பணும்னு கேட்டேன்."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னவன் நான். அதை அவர் குத்திக் காட்டவில்லை. அந்த நினைப்பே அவருக்கு இல்லை.

கமிட்டி கூடியது. என்னை எடுத்துவிட வேண்டும் என்று மூப்பர் சொன்னாராம். வைத்தவன்தான் எடுக்க வேண்டும், அதுவரை இருக்கட்டும் என்று போதகர் சொன்னாராம். பதினோராம் நாள் அனுமதிக் காகிதம் வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. தாசில்தார் ஆபீசிலிருந்து ஒரு ஆள், ஒரு கான்ஸ்டபிள், போதகர், மூப்பர், அந்த அம்மா. வெட்ட நாங்கள் நாலு பேர். மண் ஈரமாக இருந்ததால் மெதுவாகத்தான் போனோம். மண்வெட்டி பலகையில் பட்ட சத்தம் கேட்டதும் எல்லாரும் குழியோரம் வந்தார்கள். மூடினதை நான் திறப்பது அதுதான் முதல் தடவை. கையால் மண்ணை ஒதுக்கினேன். பெட்டி அப்படியே இருந்தது. அடியில் கயிறு விட்டு மேலே தூக்கி, குழிக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஆபீஸ் ஆள் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். "பெட்டியத் திறக்க அனுமதி இல்ல. சரி, எது தலை?"

"கிழக்கு முனை" என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

"கனம் சார்."

மூப்பர் முன்னால் வந்தார். "இவன் பேச்ச நம்பி எடுத்தாச்சு. சரியா இருந்ததத் தப்பாத் திருப்பிட்டா என்ன பண்றது? மறுபடி தோண்டுவீங்களா?"

அவர் சொன்னது நியாயம்தான். அந்த நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று என் தோள் வலித்திருக்கலாம். கயிறு முறுக்கியிருக்கலாம். இன்று ஈர மண்ணோடு சேர்த்துத் தூக்கியதில் கனம் பிடிபடவில்லை. போதகர் ஒவ்வொரு முனையாகக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு என்றார். அவருக்குப் பழக்கம் இல்லை.

"நகருங்க" என்றார் அந்த அம்மா.

சேலையை இடுப்பில் செருகினார். கிழக்கு முனைக் கயிற்றின் ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னார். தூக்கினோம். நாலு விரற்கடை எழும்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இறக்கினோம். மேற்கு முனைக்குப் போய் அதையும் தூக்கினோம். இறக்கினோம். அவர் திரும்பக் கிழக்கு முனைக்கு வந்து பலகைமேல் கையை வைத்தார்.

"இதுதான் தோள்" என்றார்.

"எப்படிம்மா?" என்றார் ஆபீஸ் ஆள்.

"வாசல்ல விழுந்து கிடப்பாரு. அங்கேர்ந்து கட்டிலுக்கு நான்தான் தூக்குவேன். கக்கத்துல கை குடுத்து. எத்தன வருஷம்! இந்தப் பாரம் எனக்குத் தெரியாதா?"

மூப்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை.

நாலு பேரும் பெட்டியைத் தூக்கி, குழியைச் சுற்றி நடந்து, திருப்பினோம். தலை மேற்கே. கால் கிழக்கே. கயிற்றில் நிறுத்தியபோது அந்த அம்மா கையைத் தூக்கி, இருங்கள் என்றார். குனிந்து, தலைப் பக்கம் வாயை வைத்துப் பேசினார். ரகசியமாக இல்லை. எல்லாருக்கும் கேட்டது.

"இந்தாப்பா. திருப்பியாச்சு. ஊதினதும் எழும்பு. அங்கேயே நில்லு, எங்கயும் போயிடாத. முகத்தப் பாரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. என்னை அடிச்சதக் கேட்டா, அடிச்சேன்னு சொல்லு. மறைக்காத. நான் மன்னிச்சாச்சு. அதையும் சொல்லு. அவ மன்னிச்சுட்டான்னு என் பேரச் சொல்லு. மறந்துடாத."

நிமிர்ந்தார். "இறக்குங்க" என்றார்.

இறக்கினோம். போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். மூப்பர்தான் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

எனக்கு இவர்கள் சாமியைத் தெரியாது. நரகம் உண்டா என்று தெரியாது. ஆனால் அப்படி ஒரு நாள் இருந்து, அப்படி ஒருத்தர் வந்து கேட்டால், அவருக்கு முன்னால் இந்த வார்த்தை போய் நிற்கும் என்று நினைத்தேன்.

அந்த அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பிடி மண் போட்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். மற்றவர்களும் போனார்கள். நாங்கள் மூடினோம்.

மூடியதும் ஏறி மிதித்து மண்ணை இறுக்குவது வழக்கம். இல்லையென்றால் மழைக்கு உள் வாங்கும். தெலுங்குக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் கால் வைக்கப் போனான்.

"நக்கோ" என்றேன். வேண்டாம்.

அவன் என்னைப் பார்த்தான். காலை எடுத்துக்கொண்டான்.